கூச்சலும் கேள்வி ஞானமும்

கிராமபோன் தட்டுகளில் பாடகரால் பெயர் பெற்ற தட்டு உண்டு. பக்கவாத்தியத்தால் பெயர் பெற்ற தட்டும் உண்டு. ஆனால் கச்சேரி கேட்க வந்தவர்கள், பாடினவர்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுத் தாங்களே முன்னால் வந்து நின்றுகொண்ட தட்டு ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்ஜல்ஸ் நகரத்தில் ஹாலிவுட் பௌல் என்று ஒரு திறந்தவெளி அரங்கம். மலைச் சரிவில் படிப்படியாக ஆசனங்கள். 1964-ம் வருஷம் ஆகஸ்டு 23-ந் தேதி இரவு, இங்கிலாந்திலிருந்து வந்திருந்த பீட்டில்ஸ் என்ற நான்கு வாலிபர்கள் அங்கே பாடினார்கள். மறு வருஷமும் அதே அரங்கில் வந்து பாடினார்கள். இசைத்தட்டுக் கம்பெனியார் யந்திரத்தை வைத்து அதைப் பதிவு செய்துகொண்டார்கள். பிறகு போட்டுக் கேட்டால், பாட்டு எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. அதற்கு மேலே ஒரே கூச்சல்! ஒரு விநாடிகூட ஓயாத, கிறீச்சென்ற கூச்சல்.

இதைத் தட்டாக வெளியிடுவது எப்படி? அலமாரியில் வைத்துவிட்டார்கள். பதின்மூன்று வருஷங்கள் கழித்து 1977-ல்தான் அது வெளிவந்தது. பீட்டில்ஸின் தட்டுகளைத் தயாரித்து வந்த ஜார்ஜ் மார்ட்டின், பதினேழாயிரம் இளம் நுரையீரல்களின் சத்தத்துக்கு முன்னால் ஜெட் விமானத்தின் ஓசைகூட எடுபடாது என்ற கருத்தில் அதற்கு முன்னுரை எழுதினார்.

அப்படிக் கத்தினவர்கள் பெரும்பாலும் பெண்கள். அதிலும் பள்ளிக்கூடத்துப் பெண்கள். தட்டைக் கேட்டதும், "இவர்கள் எங்கே பாட்டைக் கேட்டார்கள்?" என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. கிதாரும் டிரம்முமாக அதிரும் இந்த ராக் சங்கீதத்தின் சரித்திரத்தை எழுதினவர்கள் பலருடைய தீர்ப்பும் அதுவே. பெண்கள் கத்தினார்கள், ஆண்கள் கேட்டார்கள். பெண்கள் பாடகன் முகத்தைப் பார்க்க வந்தார்கள். ஆண்கள் சங்கீதத்துக்காக வந்தார்கள். இந்தத் தீர்ப்பை நானும் நெடுநாள் யோசிக்காமல் ஒப்புக்கொண்டிருந்தேன்.

நம்மிடையே 'கேள்வி ஞானம்' என்று ஓர் அழகான சொல் வழங்குகிறது. குருவிடம் உட்கார்ந்து பாடம் படிக்காமல், காதால் கேட்டுக் கேட்டே சேர்த்துக்கொண்ட ஞானம் அது. பீட்டில்ஸ் விஷயத்தில் அந்த ஞானம் முதலில் யாருக்கு வந்தது? இந்தக் கேள்வியோடு பழைய கச்சேரிகளின் கதையைத் திரும்பப் புரட்டினேன். தீர்ப்பு அவ்வளவு நேராக நிற்கவில்லை.

லிவர்ப்பூல் துறைமுக நகரத்தில் மாத்யூ தெரு என்று ஒரு குறுகலான சந்து. அங்கே ஒரு கிடங்குக்குக் கீழே நிலவறை. அதற்குக் காவர்ன் என்று பெயர். குகை என்று அர்த்தம். செங்கல் வளைவுகள், காற்றோட்டம் இல்லை, சுவரெல்லாம் வியர்வை ஈரம். பக்கத்துப் பழ மண்டியின் அழுகல் வாடையும் கிருமிநாசினியின் நெடியும் ஒன்றாகக் கலந்திருக்கும். 1957-ல் ஜாஸ் சங்கீதத்துக்கென்று திறந்த இடம் அது. 1961 பிப்ரவரியிலிருந்து 1963 ஆகஸ்டு வரையில் பீட்டில்ஸ் அங்கே முந்நூறு தடவைக்குச் சற்றுக் குறைவாக வாசித்திருக்கிறார்கள்.

அவற்றில் பல மத்தியானக் கச்சேரிகள். மத்தியானத்தில் கச்சேரிக்கு வருகிறவர்கள் யார்? சுற்று வட்டாரத்து ஆபீஸ்களில் டைப் அடிக்கும் பெண்கள், கடைகளில் சாமான் விற்கும் பெண்கள். சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்து, சூப்பும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு, மேடைக்கு முன்னால் போட்டிருந்த மர நாற்காலிகளில் இடம் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். வந்தவர்களின் மேலங்கிகளை வாங்கி மாட்டிவைக்கிற வேலை பார்த்த பெண் ஒருத்தி, பின்னால் ஸில்லா பிளாக் என்ற புகழ்பெற்ற பாடகி ஆனாள். அந்தச் சின்னக் குகையில் பாட்டு காதில் விழாமல் போக வழியே இல்லை. இன்றைக்கு ஒரு பாட்டை ஒரு மாதிரி வாசித்தார்கள், நாளைக்கு அதையே வேறு மாதிரி மாற்றினார்கள் என்று நாள்தோறும் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் இந்தப் பெண்கள். இதற்குக் கேள்வி ஞானம் என்று பெயர் சொல்லாவிட்டால் வேறு எதற்குச் சொல்வது?

இந்த இடத்தில் ஒரு சின்னச் சம்பவம். பக்கத்துத் தெருவில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தவர் பிரையன் எப்ஸ்டீன். பிற்பாடு பீட்டில்ஸுக்கு மானேஜர் ஆனவர். 1961 அக்டோபர் கடைசியில் ஒரு வாலிபன் கடைக்கு வந்து பீட்டில்ஸ் வாசித்த ஒரு தட்டைக் கேட்டான் என்றும், அதிலிருந்துதான் தமக்கு இந்தக் கோஷ்டியின் பெயரே தெரிந்தது என்றும் அவர் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இது எல்லாப் புத்தகங்களிலும் இடம் பெற்ற கதை. அந்த வாலிபன் பெயர் அச்சில் இருக்கிறது. அப்படி ஓர் ஆள் உண்மையிலே இருந்தானா, எப்ஸ்டீனின் ஆட்கள் கற்பித்ததா என்றுகூட ஆராய்ச்சிக்காரர்கள் விவாதித்தார்கள். ஆனால் அதே சுயசரிதையில், இரண்டொரு நாளில் இரண்டு பெண்கள் வந்து அதே தட்டைக் கேட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறது. அவர்களுக்குப் பெயர் இல்லை. அவர்களைப் பற்றி அவ்வளவு ஆராய்ச்சியும் இல்லை. ஓர் ஆண் கேட்டால் அது சரித்திரத்தின் ஆரம்பம். இரண்டு பெண்கள் கேட்டால் அது கடை வியாபாரம்!

பெயர் தெரிந்த ஒரு பெண்ணும் உண்டு. பிரீடா கெல்லி, லிவர்ப்பூலில் டைப்பிஸ்ட். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் காவர்னுக்குப் போய்ப் பழகினவள், பதினேழு வயதில் எப்ஸ்டீனிடம் வேலைக்குச் சேர்ந்தாள். ரஸிகர் சங்கத்தின் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, விவரம் தெரியாமல் தன் வீட்டு விலாசத்தையே சங்கத்தின் விலாசமாகக் கொடுத்துவிட்டாள். கடிதங்கள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தன. அப்பாவுக்கு வரும் சொந்தத் தபாலை அந்தக் குவியலுக்குள் தேட வேண்டியதாயிற்று. ஒரு பெண் தலையணை உறை ஒன்றை அனுப்பி, டிரம் வாசிக்கும் ரிங்கோ அதில் ஓர் இரவு தலைவைத்துப் படுத்த பிறகு திருப்பி அனுப்ப வேண்டும் என்று கேட்டாளாம். பிரீடா சிரிக்கவில்லை, ரிங்கோவின் தாயார் வீட்டுக்கே அதை எடுத்துப்போய்க் காரியத்தை முடித்துக் கொடுத்தாள். நட்சத்திரத்தின் தலைமுடி என்று சொல்லி வேறு யாருடைய முடியையோ அனுப்பிய உதவியாளரை வேலையிலிருந்து நீக்கினாள். கத்துகிற பெண்ணின் மனசு, அவளைப்போலவே ரஸிகையாக இருந்த ஒருத்திக்குத்தான் தெரிந்தது. 1972-ல் சங்கத்தை மூடுகிற வரையில் அந்த வேலையைச் செய்தவள், அதற்குப் பிறகு நாற்பது வருஷம் வாய் திறக்கவில்லை. பேரன் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே 2013-ல் வெளிவந்த ஒரு விவரணப் படத்தில் தன் கதையைச் சொன்னாள்.

பெண்கள் கத்துவது பீட்டில்ஸோடு பிறந்த வழக்கம் அல்ல. 1840-களில் பியானோ மேதை லிஸ்ட் பெர்லினில் வாசித்தபோது, அவருடைய கைக்குட்டைக்கும் கையுறைக்கும் சீமாட்டிகள் போட்டி போட்டார்கள். கவி ஹைனே அதற்கு 1844-ல் ஒரு வியாதியின் பெயரைப்போல 'லிஸ்டோமேனியா' என்று பெயர் சூட்டினார். கேட்கிற பெண்ணை நோயாளியாக்கும் வழக்கத்துக்கு நூற்றெண்பது வயது ஆகிறது.

நூறு வருஷம் கழித்து நியூயார்க்கில் பாரமவுண்ட் தியேட்டர். பாடகர் பிராங்க் சினாட்ரா. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். 1944 அக்டோபர் 12-ந் தேதி, கொலம்பஸ் தினம், பள்ளிக்கூட விடுமுறை. தியேட்டரில் சுமார் 3,600 ஆசனங்கள். வெளியே சுமார் முப்பதாயிரம் பேர். உள்ளே போன பெண்கள் முதல் காட்சி முடிந்தும் எழுந்திருக்க மறுத்து, அடுத்த காட்சிக்கும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கையோடு பலகாரம் கட்டிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அதே மாதத்தில் ஒரு பையன் அந்த அரங்கில் சினாட்ராவின் மேல் முட்டை வீசினான். இந்தப் பெண்களின் உற்சாகத்தைக் கண்டு ஆண்களுக்கு எழுந்த எரிச்சலுக்கு அந்த முட்டையே சாட்சி.

1963 அக்டோபரில் பீட்டில்ஸ் லண்டன் பல்லேடியம் அரங்கிலிருந்து டெலிவிஷனில் வாசித்த பிறகு, பத்திரிகைகள் 'பீட்டில்மேனியா' என்ற பெயரை எடுத்துக்கொண்டன. மறுபடியும் ஒரு வியாதிப் பெயர்! 1964 பிப்ரவரி 9-ந் தேதி அமெரிக்க டெலிவிஷனில் எட் ஸல்லிவன் நிகழ்ச்சியில் அவர்கள் தோன்றியபோது பார்த்தவர்கள் சுமார் 7 கோடியே 30 லட்சம் பேர். அந்த மாதமே லண்டனில் பால் ஜான்ஸன் என்ற பத்திரிகாசிரியர், கத்துகிற இந்தப் பெண்கள் தங்கள் தலைமுறையிலேயே மந்தமானவர்கள், சோம்பேறிகள், தோற்றுப்போனவர்கள் என்ற தோரணையில் கட்டுரை எழுதினார். நல்ல பிள்ளைகள் வீட்டில் புத்தகம் படித்துக்கொண்டிருப்பார்கள் என்பது அவர் எண்ணம்.

இதற்கு நேர்மாறான ஒரு விளக்கத்தை அமெரிக்க எழுத்தாளர் பார்பரா எரன்ரைக் தம் தோழியர் இருவருடன் 1986-ல் வெளியிட்ட நூலில் காணலாம். அந்தக் காலத்து அமெரிக்கப் பெண்ணுக்கு எத்தனை கட்டுப்பாடுகள்! அடக்கமாக உட்கார வேண்டும், மெதுவாகப் பேச வேண்டும், நல்ல பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். பையன் தறிகெட்டு அலைந்தால் வயசுக் கோளாறு. பெண் ஒரு வார்த்தை உரக்கப் பேசினால் குடும்ப மானம். அப்படி வளர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் கூடி, போலீஸ்காரர் தடுத்தும் தாண்டி, தொண்டை கிழியக் கத்தினார்கள். அறுபதுகளில் பெண்கள் கூட்டமாகக் கட்டை மீறிய முதல் சந்தர்ப்பம் இதுவே என்று அந்த நூல் வாதிக்கிறது. அவர்கள் கையில் கொடியும் இல்லை, கோரிக்கையும் இல்லை. ஆனாலும் அது ஒரு கிளர்ச்சி.

அழகில் மயங்கினார்கள் என்பதும் பொய்யல்ல. மயங்கினால் என்ன? நல்ல பாட்டுக்கும் நல்ல முகத்துக்கும் ஒரே நேரத்தில் இடம் கொடுக்க முடியாத அளவுக்கு மனித மனம் குறுகலா?

"எல்லாம் சரி, பாட்டு கேட்டதா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1965 ஆகஸ்டு 15-ந் தேதி நியூயார்க்கில் ஷே ஸ்டேடியம் என்ற பேஸ்பால் மைதானத்தில் 55,600 பேர் கூடினார்கள். பீட்டில்ஸ் சுமார் அரைமணி நேரம் வாசித்தார்கள். கிதார்களுக்கென்று விசேஷமாகச் செய்துவந்த ஆம்ப்ளிபையர்கள் 100 வாட் சக்தி உள்ளவை. பாட்டுக்கு, பந்தாட்டத்தின்போது ஆட்டக்காரர் பெயரை அறிவிக்கிற மைதானத்து ஒலிபெருக்கிதான். பாடுகிறவர்களின் குரலை அவர்களுக்கே திருப்பிக் கேட்கச் செய்யும் ஒலிபெருக்கி மேடையில் கிடையாது. தமக்கு ஒன்றும் காதில் விழாமல், முன்னால் நிற்கும் தோழர்களின் தலையாட்டலையும் உடம்பு அசைவையும் பார்த்தே தாளம் போட்டதாக ரிங்கோ சொல்லியிருக்கிறார்.

பாட்டு கேட்கவில்லை என்பது நிஜம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்தப் பெண்கள் பாட்டைக் கேட்டு முடித்துவிட்டு வந்தவர்கள். வீட்டில் படுக்கையறையில், சின்னப் பெட்டி கிராமபோனில், தட்டு தேயத் தேயக் கேட்டவர்கள். எந்த இடத்தில் மூச்சு வாங்குவான், எந்த இடத்தில் தலையை உலுக்குவான் என்று அவர்களுக்கு மனப்பாடம். கேட்பதற்கு வீட்டில் தட்டு இருந்தது. பதில் சொல்வதற்குத்தான் மைதானத்துக்கு வந்தார்கள்.

ராக் கச்சேரிகளைப் பற்றிய பழைய நினைவுகளைப் படிக்கும்போது என் மனசில் பட்ட ஒரு வித்தியாசத்தை இங்கே சொல்ல வேண்டும். ஆண்கள் எழுதும் நினைவுகள் பெரும்பாலும் கணக்குப் புஸ்தகம்போல இருக்கும். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, கிதார் என்ன மார்க்கு, எத்தனை நிமிஷம் வாசித்தான், எத்தனையாவது வரிசையில் நின்றேன் என்று. பெண்கள் சொல்லும் நினைவுகள் வாசலிலிருந்து தொடங்கும். யாரோடு போனேன், என்ன உடுத்திக்கொண்டேன், அம்மாவிடம் என்ன சொன்னேன், எப்படி வீடு திரும்பினேன் என்று. எல்லா ஆண்களும் அப்படி, எல்லாப் பெண்களும் இப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் காரணம் தெரியாத வித்தியாசமும் அல்ல. பையனுக்குக் கச்சேரி கச்சேரி மேடையில் ஆரம்பித்தது. பெண்ணுக்கு அது வீட்டில் அனுமதி கேட்கும்போதே ஆரம்பித்துவிட்டது.

2016-ல் ரான் ஹவர்ட் எடுத்த பீட்டில்ஸ் விவரணப் படத்தில் இப்படி இரண்டு பெண்களின் நினைவுகள் வருகின்றன. ஒருத்தி நடிகை ஹூப்பி கோல்ட்பர்க். தனியாகக் குடும்பத்தைக் காப்பாற்றி வந்த அவளுடைய தாயார், எங்கே என்று சொல்லாமலே மகளை அழைத்துக்கொண்டு போனாள். போய்ச் சேர்ந்த இடம் ஷே ஸ்டேடியம். அம்மாவின் கையில் இரண்டு டிக்கட்! அந்த அரைமணி நேரத்தில் எந்தப் பாட்டை எந்த வரிசையில் பாடினார்கள் என்பதா அந்தப் பெண்ணுக்கு முக்கியம்?

இன்னொருத்தி கிட்டி ஆலிவர் என்ற கறுப்பினப் பெண். பின்னால் சரித்திர ஆசிரியை ஆனவர். 1964 செப்டம்பர் 11-ந் தேதி புளோரிடாவில் ஜாக்ஸன்வில் நகரத்து மைதானத்தில் பீட்டில்ஸ் வாசித்தார்கள். வெள்ளையருக்கு ஓர் இடம், கறுப்பருக்கு ஓர் இடம் என்று பிரித்து உட்காரவைத்தால் வாசிக்க மாட்டோம் என்று அவர்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். கிட்டி ஆலிவர் பள்ளி மாணவி. வெள்ளையர்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தாள். பயம்தான். விளக்குகள் எரிந்து பாட்டு ஆரம்பித்ததும் எல்லோரும் கத்தினார்கள், அவளும் கத்தினாள். அந்தக் கூச்சலுக்குள் யார் எந்த நிறம் என்பது மறைந்துபோயிற்று. கணக்குப் புஸ்தகத்தில் அன்றைய கச்சேரிக்குப் பாட்டுகளின் பட்டியல் இருக்கும். இந்த வரவை எழுத அதில் பத்தி இல்லை.

இன்னும் ஒரு விஷயம். 1964 பிப்ரவரி டெலிவிஷன் நிகழ்ச்சியைப் பார்த்த பையன்கள் கிதார் வாங்கினார்கள்; புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், டாம் பெட்டி போன்றவர்கள் அதைச் சொல்லியிருக்கிறார்கள். பெண்கள் மாப்பிள்ளைக் கனவு கண்டார்கள் என்பது பேச்சு. ஆனால் அன்று அதே நிகழ்ச்சியைப் பார்த்த ஆன் வில்ஸன், நான்ஸி வில்ஸன் என்ற சகோதரிகள் பிற்காலத்தில் சொன்னது வேறு. பீட்டில்ஸைக் கல்யாணம் செய்துகொள்ள அவர்கள் ஆசைப்படவில்லை. தாங்களே பீட்டில்ஸாக ஆக ஆசைப்பட்டார்கள்! அவர்களும் கிதார் எடுத்தார்கள். எழுபதுகளில் 'ஹார்ட்' என்ற ராக் கோஷ்டியின் முன்னணியில் நின்றார்கள்.

1966 ஆகஸ்டு 29-ந் தேதி ஸான் பிரான்ஸிஸ்கோவில் வாசித்ததோடு பீட்டில்ஸ் கச்சேரிப் பிரயாணத்தை நிறுத்திக்கொண்டார்கள். தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்கவில்லை என்ற சலிப்பு அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்த மனத்தாங்கலை நான் குறைத்துச் சொல்லவில்லை. மறு வருஷம் அவர்கள் ஸ்டூடியோவுக்குள்ளேயே அமர்ந்து செய்த தட்டு வெளிவந்தது. ராக் சங்கீதத்தைக் கலை என்று பெரியவர்களும் ஒப்புக்கொள்ள ஆரம்பித்தார்கள். 1967 நவம்பரில் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை பிறந்தது. ராக் விமரிசனம் என்று ஒரு தொழில் உண்டாயிற்று. 1968-ல் 'நியூ யார்க்கர்' பத்திரிகைக்கு எல்லென் வில்லிஸ் என்ற பெண்மணி விமரிசகியானாள் என்றாலும், பேனா பிடித்த கைகளில் மிகப் பெரும்பாலானவை ஆண் கைகள். முதலில் வந்து இடம் பிடித்த பெண்கள் அங்கேயே நிற்க, அவர்கள் தலைக்கு மேலாகச் சரித்திரம் எழுதப்பட்டது. கனமானது, கருத்துள்ளது, ஆண்கள் கேட்பது ராக். லேசானது, இனிப்பானது, சிறுமிகள் கேட்பது பாப் என்று பாகப் பிரிவினையும் நடந்தது. ஆண் கேட்டால் ரஸனை, பெண் கேட்டால் மையல்!

எழுபதுகளின் கன ராக் கச்சேரிகளில் முன்வரிசை வாலிபர்கள் வசமாயிற்று. அவர்கள் கத்தவில்லையா? கத்தினார்கள். ஆனால் அதற்குள் யந்திரம் வளர்ந்துவிட்டது. 1974-ல் கிரேட்புல் டெட் என்ற கோஷ்டி தன்னோடு கொண்டுபோன ஒலிச் சுவருக்கு 26,000 வாட்டுக்கு மேல் சக்தி. பீட்டில்ஸுக்கு ஆம்ப்ளிபையர் ஒன்றுக்கு 100 வாட்! அறுபத்தைந்தில் பெண்கள் பாட்டை மூழ்கடித்தார்கள் என்றும், எழுபத்தைந்தில் ஆண்கள் பாட்டைக் கேட்டார்கள் என்றும் எழுதுகிறவர்கள், நடுவில் நின்ற அந்தப் பெரிய ஒலிபெருக்கியைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

முன்வரிசையில் நிற்பது ரஸனை விஷயம் மட்டும் அல்ல, உயிர் விஷயமும்கூட. 1974 மே மாதம் லண்டன் வைட் ஸிட்டி மைதானத்தில் டேவிட் காஸிடி பாடியபோது நெரிசலில் நூற்றுக்கணக்கான பெண்கள் காயமடைந்தார்கள். பதினாலு வயதுச் சிறுமி ஒருத்தி சில நாட்களில் உயிரிழந்தாள். 1979 டிசம்பர் 3-ந் தேதி சின்சினாட்டி நகரத்தில் 'தி ஹூ' கோஷ்டியின் கச்சேரிக்கு, நம்பர் போடாத ஆசனங்களுக்காகக் கதவருகே முண்டியடித்ததில் பதினொரு பேர் மாண்டார்கள். 2000 ஜூன் 30-ந் தேதி டென்மார்க்கில் ராஸ்கில்ட் விழாவில், மேடைக்கு முன்னால் விழுந்து நசுங்கி மடிந்தவர்கள் ஒன்பது பேர்; ஒன்பது பேரும் இளைஞர்கள். நெரிசல் ஆண் பெண் என்று பார்ப்பதில்லை.

ஆனால் நெரிசலுக்குள் ஆண் கை பார்ப்பது உண்டு. எண்பதுகளில் பங்க் கச்சேரிகளின் முன்புறம், ஒருவரை ஒருவர் மோதித் தள்ளி ஆடுகிற களமாயிற்று. பெண்கள் சுவரோரமாக ஒதுங்கினார்கள்; நண்பர்களின் மேலங்கிகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேலங்கியை மாட்டிவைத்த காவர்ன் பெண்ணின் நினைவு எனக்கு வருகிறது; அவளாவது அதற்குச் சம்பளம் வாங்கினாள்! 1991 வாக்கில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒலிம்பியா என்ற சிறு நகரத்திலிருந்து பெண்கள் ஒரு புதிய குரல் கொடுத்தார்கள். 'பிகினி கில்' கோஷ்டியின் பாடகி காத்லீன் ஹன்னா, பெண்களெல்லாம் முன்னால் வர வேண்டும், ஆண்கள் பின்னால் போக வேண்டும் என்று மேடையிலிருந்தே சொன்னாள். பாட்டின் வரிகளை அச்சிட்டுப் பெண்கள் கையில் கொடுத்தாள். சில ஆண்களுக்குக் கோபம் வந்தது. ஆனால் அதிலுள்ள வேடிக்கையைப் பாருங்கள்: 1964-ல் முன்வரிசை முழுவதும் பெண்கள், இருபத்தேழு வருஷத்துக்குள் அதே இடத்தை அவர்கள் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று.

கேட்டு வாங்கியும் பத்திரம் இல்லை. 1999 ஜூலையில் நடந்த உட்ஸ்டாக் விழாவில் பெண்கள் பலாத்காரத்துக்கு ஆளான புகார்கள் வந்தன. ஸ்வீடனில் 2017-ல் ஒரு பெரிய விழாவில் அத்தகைய புகார்கள் எழவே, 2018-ல் கோத்தன்பர்க் நகரத்தில் ஆண்களுக்கு இடமில்லாத சங்கீத விழா ஒன்றை நடத்தினார்கள். ஆண்களை விலக்குவதாக அறிவித்தது சட்டப்படி பாரபட்சம் என்று அந்நாட்டு அதிகாரி பிறகு கருத்துத் தெரிவித்தார். அது சரியாகவே இருக்கலாம். சட்டத்தை மீறியாவது ஒரு நாள் நிம்மதியாக நின்று பாட்டுக் கேட்கலாமே என்று ஆயிரக்கணக்கான பெண்கள் வந்தார்களே, அதையும் யோசிக்க வேண்டும்.

இத்தனை வருத்தமான விஷயங்களுக்கு நடுவே மனசுக்கு இதமான காட்சி ஒன்று. 2012 டிசம்பரில் வாஷிங்டன் நகரத்தில் ஒரு கௌரவிப்பு விழா. எழுபதுகளின் கன ராக்குக்கு அரசர்கள் என்று சொல்லத்தக்க லெட் ஸெப்பலின் கோஷ்டியார், ஜனாதிபதி அமர்ந்திருந்த மாடத்தில் கேட்கிறவர்களாக உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் நின்று அவர்களுடைய பாட்டையே பாடினவர்கள் அந்த வில்ஸன் சகோதரிகள்! கேட்டுக்கொண்டிருந்த பாடகர் ராபர்ட் பிளாண்டின் கண்களில் நீர் நிறைந்தது. ஒரு காலத்தில் கூட்டத்தில் இருந்த பெண்கள் மேடையில். மேடையில் இருந்த ஆண் கூட்டத்தில். அந்தக் கண்ணீருக்கு யாரும் வியாதிப் பெயர் சூட்டியதாக நான் படிக்கவில்லை. ரஸனை என்றார்கள். சரியாகத்தான் சொன்னார்கள்.

ஆரம்பத்தில் சொன்ன தட்டுக்கு வருகிறேன். ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் 2016-ல் அந்தப் பழைய ஹாலிவுட் பௌல் ஒலிப்பதிவை மறுபடி எடுத்தார். இந்தக் காலத்துக் கணினி முறைகளால் குரலையும் வாத்தியத்தையும் கூச்சலிலிருந்து ஓரளவு பிரித்தெடுக்க முடிந்தது. பாட்டு முன்னால் வந்தது. ஆனாலும் கூச்சலை அடியோடு எடுத்துவிடவில்லை. எடுத்துவிட்டால் அது அந்த இரவின் கச்சேரியாக இருந்திராது.

அன்று அங்கே கத்தின சிறுமிகளுக்கு இன்று எழுபது வயதுக்கு மேல். அவர்களில் ஒருத்தி எங்கேயாவது ஒரு வீட்டில், பேரன் பேத்திகளுக்கு நடுவே உட்கார்ந்து அந்தத் தட்டைப் போட்டுக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். பேரன் கிதாரைக் கவனிப்பான். அவளோ அந்தப் பேரிரைச்சலுக்குள் தன் குரல் எங்கே என்று தேடுவாள். கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அது அங்கே இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.